மின்புலத்தால கேன்சர் செல்லைப் பிரிக்கிற மெஷின்: ஓட்டிப் பாத்தவங்க சைடுல இருந்து ஒரு ரிவ்யூ

வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கறவங்களுக்காகத்தான் எழுதறேன், அதனால முடிவை முதல்லயே சொல்லிடறேன். ரத்தத்துல சுத்திட்டு இருக்கற கேன்சர் செல்லை சாயம், ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரோட்டீனைத் தேடிப் புடிச்சு ஒட்டற மூலக்கூறு) எதுவும் ஒட்டாம உயிரோட கைக்கு எடுக்கணும்னா இந்த வகை மெஷின் நல்ல சாய்ஸ். எத்தனை செல் இருக்குன்னு எண்ணி ரிப்போர்ட் குடுக்கறதுதான் உங்க வேலைன்னா வாங்காதீங்க, அதுக்கு வேற வழி இருக்கு. இன்னொன்னு, இதோட பாதி வேலை மெஷினுக்கு வெளிய, உங்க பஃபர் (செல்லு மிதக்கற கரைசல்) பாட்டில்லயும் வேகமா சுத்திப் பிரிக்கற சென்ட்ரிஃப்யூஜ்லயும்தான் நடக்குது, டெமோ குடுக்க வர்றவங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க. கம்பெனி பேரு போடல, ஏன்னா கீழ சொல்றதுல முக்கால்வாசி இந்த டெக்னிக்குக்கே உள்ள குணம், யார் செஞ்ச மெஷினா இருந்தாலும் கொஞ்சம் முன்னப்பின்ன இதேதான்.

பெட்டி சின்னதுதான், பெஞ்ச்ல ஒரு ஓரமா உக்காந்துடும். உள்ள ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ப்ரெஷர் பம்ப், ஒரு கேமரா, கீழ டெம்பரேச்சர் கன்ட்ரோல் பண்ற பிளேட். சிப்பு மைக்ராஸ்கோப் ஸ்லைடு சைஸ் கண்ணாடி, அடியில தங்கத்துல சாய்வா போட்ட மெல்லிசான எலக்ட்ரோடு கோடுங்க, மேல ஒரு சேனல். ரெண்டு இன்லெட், ஒண்ணுல சாம்பிள், இன்னொண்ணுல சுத்தமான பஃபர். ரெண்டு அவுட்லெட், ஒண்ணு நமக்கு வேண்டிய செல்லுக்கு, ஒண்ணு வேஸ்ட்டுக்கு. சாம்பிள் ஒரு ஓரமா ஓடும், எலக்ட்ரோடு இழுக்கற செல்லு அந்த சாய்வுக் கோட்டைப் புடிச்சுக்கிட்டே எதிர் ஓரத்துக்குப் போயிடும், இழுபடாதது நேரா வேஸ்ட்டுக்குப் போயிடும். கேமராவுல முதல் தடவை அதைப் பாக்கறப்போ நிஜமாவே அசந்து போயிடுவீங்க, ஒரே கூட்டமா வர்ற செல்லுங்கள்ல ஒண்ணு மட்டும் தனியா விலகி நடந்து போகும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது புரியலன்னா மெஷின் ஏன் சில நாள் சொன்ன பேச்சு கேக்கும், சில நாள் கேக்காதுன்னு புரியாது. டையலெக்ட்ரோஃபோரெசிஸ், சுருக்கமா டிஇபி. ஹெர்பர்ட் போல்ங்கிறவர் 1951ல இந்தப் பேரை வெச்சார். நிறைய பேரு இதை எலக்ட்ரோஃபோரெசிஸோட குழப்பிக்கறாங்க, அது சார்ஜ் இருக்கற பொருளை இழுக்கறது. இதுக்கு சார்ஜே வேணாம். ஏசி மின்புலத்துல ஒரு செல்லை வெச்சா அது போலரைஸ் ஆகும், அதாவது ஒரு பக்கம் ப்ளஸ் ஒரு பக்கம் மைனஸ். புலம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா ரெண்டு பக்க இழுப்பும் கேன்சல் ஆயிடும், செல்லு நகராது. ஆனா எலக்ட்ரோடு ஓரத்துல புலம் அதிகம், தள்ளிப் போகப் போகக் கம்மி, அதனால ஒரு பக்க இழுப்பு ஜெயிச்சிடும், செல்லு நகரும். சுத்தி இருக்கற தண்ணியை விட செல்லு அதிகமா போலரைஸ் ஆனா எலக்ட்ரோடு பக்கம் போகும், அது பாசிட்டிவ் டிஇபி. கம்மியா ஆனா விலகி ஓடும், அது நெகட்டிவ். இதை ஒரு நம்பரா சொல்றதுதான் கிளாசியஸ்-மொசோட்டி ஃபேக்டர், அது மைனஸ் 0.5ல இருந்து ப்ளஸ் 1 வரைக்கும்தான் போகும்.

அழகு என்னன்னா இந்த நம்பர் ஃப்ரீக்வென்சியைப் பொறுத்து மாறும். கம்மி ஃப்ரீக்வென்சியில செல்லோட சவ்வு கரன்ட்டை உள்ள விடாது, செல்லு ஒரு இன்சுலேட்டர் உருண்டையா நடந்துக்கும், விலகி ஓடும். ஃப்ரீக்வென்சி ஏத்த ஏத்த புலம் சவ்வைத் தாண்டி உள்ள நுழையும், உள்ள இருக்கற உப்புத்தண்ணி நல்லா கடத்தும், உடனே இழுபடும். ஓடறது நின்னு இழுபட ஆரம்பிக்கற அந்த இடம்தான் க்ராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சி. மொத்த பிசினஸும் இந்த ஒரு நம்பரை நம்பித்தான் நடக்குது. செல்லு பெருசா இருந்தாலோ சவ்வோட கெப்பாசிட்டன்ஸ், அதாவது சார்ஜை சேத்து வெக்கற திறன், அதிகமா இருந்தாலோ இந்த ஃப்ரீக்வென்சி கீழ இறங்கும். கேன்சர் செல்லுக்கு பெரும்பாலும் ரெண்டுமே அதிகம், சைஸும் பெருசு, மேல்பரப்புல மடிப்பும் மைக்ரோவில்லைங்கற விரல் மாதிரி குட்டி நீட்சியும் நிறைய. துணியை சுருக்கி வெச்ச மாதிரின்னு வெச்சுக்கோங்க, வெளிய பாக்க சின்ன உருண்டை, விரிச்சா எவ்வளவோ பரப்பு, பரப்பு கூடினா கெப்பாசிட்டன்ஸும் கூடிடும். லிம்ஃபோசைட்டுங்கற வெள்ளையணு வகையோட மேல்பரப்பு அதைவிட வழுவழுன்னு இருக்கும். அதனால கண்டக்டிவிட்டி (கரன்ட்டைக் கடத்தற திறன்) கம்மியான பஃபர்ல கேன்சர் செல்லு சில பத்து கிலோஹெர்ட்ஸ்லயே க்ராஸ் ஆயிடும், லிம்ஃபோசைட்டு 100 கிலோஹெர்ட்ஸ தாண்டித்தான் க்ராஸ் ஆகும், நடுவுல ஒரு ஜன்னல் கிடைக்குது, அந்த ஜன்னல்ல மெஷினை நிறுத்தினா ஒண்ணு இழுபடும் ஒண்ணு விலகும். ஹூஸ்டன்ல எம்டி ஆண்டர்சன் கேன்சர் சென்டர்ல பெக்கர், கேஸ்காய்ன் டீம் மார்பகப் புற்றுநோய் செல்லை ரத்தத்துல இருந்து இப்படிப் பிரிச்சுக் காட்டினது 1995லயே. ஐடியா பழசுதான், பெட்டிக்குள்ள அடக்கினதுதான் புதுசு.

சரி, ரிவ்யூவுக்கு வர்றேன்.

முதல்ல பஃபர். இதுதான் இந்த மெஷினோட உயிர், இதுதான் தலைவலியும். செல்லு வழக்கமா இருக்கற உப்புக்கரைசல் மீட்டருக்கு 1.5 சீமென்ஸ் கிட்ட கடத்தும். அதுல பாசிட்டிவ் டிஇபி வரவே வராது, ஏன்னா செல்லோட உள்பக்கத்தை விட வெளிய நல்லா கடத்துது, அதுவும் இல்லாம சூடு வேற. கரன்ட்டால வர்ற சூடு கண்டக்டிவிட்டிக்கு நேர் விகிதம், வோல்டேஜுக்கு வர்க்கம். அதனால உப்பை எடுத்துட்டு சர்க்கரை போடறோம், வழக்கமான ரெசிபி 8.5 சதவீதம் சுக்ரோஸ், 0.3 சதவீதம் டெக்ஸ்ட்ரோஸ், மேல துளி உப்பு விட்டு கண்டக்டிவிட்டியை மீட்டருக்கு 30 மில்லிசீமென்ஸ் மாதிரி ஒரு இடத்துக்கு கொண்டு வர்றது. இப்போ கணக்கு போட்டுப் பாருங்க, செல்லை அலசறப்போ அடியில பழைய உப்புக்கரைசல் 100ல 2 பங்கு தங்கிட்டாலே போதும், அது மட்டுமே 30 மில்லிசீமென்ஸ் கொண்டு வந்துடும், கண்டக்டிவிட்டி டபுள், க்ராஸ்ஓவரும் கிட்டத்தட்ட டபுள், நீங்க செட் பண்ணி வெச்ச ஜன்னல் வேற இடத்துக்கு போயாச்சு. மெஷின் எந்த எர்ரரும் காட்டாது. அழகா ஓடிட்டே இருக்கும், வேண்டிய செல்லு அத்தனையும் வேஸ்ட்டுக்குப் போயிட்டு இருக்கும். இத்தனைக்கும் உள்ள எலக்ட்ரோடு இருக்கு, அதை வெச்சே சிப்புல ஓடற தண்ணியோட கண்டக்டிவிட்டியை அளந்து வார்னிங் குடுத்திருக்கலாம், குடுக்கல. கண்டக்டிவிட்டி மீட்டர் தனியா வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சாம்பிளையும் ஏத்தறதுக்கு முன்னாடி அளந்துதான் ஆகணும். எனக்கு இதுல ரொம்பவே கோவம், இவ்வளவு யோசிச்சு செஞ்ச மெஷின்ல இது இல்லாதது சோம்பேறித்தனம்.

அடுத்தது நேரம். சர்க்கரைத் தண்ணியில உக்காந்திருக்கற செல்லு சும்மா இருக்காது, உள்ள இருக்கற அயனி மெல்ல மெல்ல வெளிய கசியும், செல்லு உள்ளயும் மாறும், பஃபர் கண்டக்டிவிட்டியும் ஏறும். அதனால ரன் ஆரம்பத்துல ஒரு நடத்தை, கடைசியில வேற நடத்தை. சாம்பிளை மொத்தமா பஃபருக்கு மாத்தி ஐஸ்ல வெச்சுட்டு ஒண்ணொண்ணா ஓட்டலாம்னு நினைக்காதீங்க, மாத்தின உடனே ஏத்திடணும், மாத்தறதை அப்பப்போ பண்ணிக்கணும். கூடவே செத்த செல்லு பிரச்சனை. செத்ததுக்கு சவ்வு ஓட்டை, அதனால அதோட க்ராஸ்ஓவர் கதையே வேற, கேன்சர் செல்லா இருந்தாலும் கேன்சர் செல்லு மாதிரி நடந்துக்காது. ஒரு வகையில இது நல்லதுதான், வர்றது பெரும்பாலும் உயிரோட இருக்கறதா வருது. ஆனா காலையில எடுத்த ரத்தத்தை சாயங்காலம் ஓட்டினா, வர வேண்டியதுல ஒரு பங்கு வராமலே போயிடும். ஃபிக்ஸேட்டிவ் (செல்லு கெடாம கெட்டிப்படுத்தி வெக்கற கெமிக்கல்) போட்ட ட்யூப்ல ரத்தம் வாங்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, ஃபிக்ஸ் பண்ணினா சவ்வோட மின்குணம் மாறிடும், இந்த மெஷினுக்கு புது ரத்தம்தான்.

அப்புறம் சிகப்பு அணு. 1 மில்லி ரத்தத்துல 500 கோடி சிகப்பணு, வெள்ளையணு 40 லட்சத்துல இருந்து 1.1 கோடி வரைக்கும், அதுக்குள்ள நாம தேடற சிடிசி, அதான் சுத்திட்டு இருக்கற ட்யூமர் செல்லு, பல நோயாளிங்ககிட்ட ஒற்றை இலக்கத்துல. ஒண்ணு கூட இல்லாம இருக்கறதும் சகஜம். அதனால முழு ரத்தத்தை அப்படியே சிப்புல விட முடியாது, சிகப்பணுவை உடைச்சோ டென்சிட்டி க்ரேடியன்ட் (அடர்த்தி வித்தியாசத்தை வெச்சுப் பிரிக்கறது) போட்டோ முதல்ல கழிக்கணும். அந்த ஸ்டெப்லயே கொஞ்சம் சிடிசி போயிடும், அதை மெஷின் கணக்குல யாரும் சேக்கறதில்ல. ப்ரோஷர்ல போடற ரெக்கவரி சதவீதம் சிப்புக்குள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் உள்ள விகிதம்தான், ட்யூப்ல இருந்து ட்யூப் வரைக்கும் இல்ல. படிக்கறப்போ இதை நல்லா ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

ப்யூரிட்டியும் அதே கதை. 7.5 மில்லி ரத்தம்னா குறைஞ்சது 3 கோடி வெள்ளையணு. 99.9 சதவீதம் கழிச்சுட்டோம்னு சொன்னா கேக்க பிரமாதமா இருக்கு, ஆனா மிச்சம் 30 ஆயிரம் வெள்ளையணு, அதுக்கு நடுவுல உங்க சிடிசி அஞ்சோ பத்தோ. அதுவும் லிம்ஃபோசைட்டு ஒழுங்கா விலகிடும், மோனோசைட்டுங்கற இன்னொரு வெள்ளையணு வகை அப்படி இல்ல, அது பெருசு, மேல்பரப்பும் மடிப்பு மடிப்பா இருக்கும், க்ராஸ்ஓவர் கேன்சர் செல்லுக்கு கிட்டவே வந்து நிக்கும். எங்களுக்கு கலெக்ஷன் ட்யூப்ல தொல்லை குடுத்ததுல பெரும்பங்கு அதுதான். அதனால இதை சார்ட்டர்னு கூப்பிடறதே எனக்கு ஒப்பல, இது செறிவு ஏத்தற மெஷின். இதுல இருந்து வந்ததை மறுபடி சாயம் போட்டு, சைட்டோகெரட்டின் (இந்த மாதிரி கேன்சர் செல்லுல இருக்கற புரோட்டீன்) இருக்கா, நியூக்ளியஸ் இருக்கா, சிடி45 (வெள்ளையணுவோட அடையாளம்) இல்லையான்னு பாத்துத்தான் சிடிசின்னு சொல்ல முடியும். ரெண்டாவது தடவை அதே சாம்பிளை சிப்புல விட்டா ப்யூரிட்டி ஏறும், ஆனா செல்லு போகும், எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நாங்க சீக்வென்சிங் (மரபணுவைப் படிக்கறது) போறதுக்கு ரெண்டு தடவை, கல்ச்சருக்கு (லேப்ல வளர்க்கறது) ஒரே தடவைன்னு வெச்சிருக்கோம்.

வேகம் சுமார். நிமிஷத்துக்கு 10 மைக்ரோலிட்டர்ல ஓட்டினா 7.5 மில்லியை அப்படியே ஓட்ட 12 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால செறிவு ஏத்தி 1 மில்லிக்குள்ள கொண்டு வந்துதான் ஓட்டறோம், அப்பவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகுது. வேகத்தைக் கூட்டினா செல்லு எலக்ட்ரோடு மேல கடக்கற நேரம் கம்மி, இழுப்பு பத்தாம நழுவிடும். வோல்டேஜை ஏத்தலாமேன்னு தோணும், ஆனா 50 மைக்ரான் இடைவெளியில 10 வோல்ட்னாலே மீட்டருக்கு 2 லட்சம் வோல்ட் புலம், அது ஏற்கனவே செல்லுக்கு கொஞ்சம் முரட்டுத்தனம்தான். கம்மி ஃப்ரீக்வென்சியில புலத்தோட பெரும்பங்கு சவ்வு மேலயே விழும், சவ்வுக்கு குறுக்கால 1 வோல்ட் கிட்ட வந்தா ஓட்டை விழ ஆரம்பிச்சிடும். பெரிய செல்லுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதாவது நமக்கு வேண்டிய செல்லுதான் முதல்ல அடி வாங்கும். மெஷின்ல வோல்டேஜ் லிமிட் பூட்டி வெச்சிருக்காங்க, சில பேரு அதை திறந்து விடச் சொல்லி கேக்கறாங்க, என்னைக் கேட்டா பூட்டியே இருக்கட்டும்.

சேனல் உயரத்துலயும் ஒரு சங்கடம் இருக்கு, இது ஸ்பெக் ஷீட்ல கண்ணுக்கே படாது. எலக்ட்ரோடு அடியில மட்டும்தான் இருக்கு, மேல போகப் போக புலம் மடமடன்னு விழுந்துடும், எலக்ட்ரோடு அகல அளவுக்கு மேல போனாலே இழுப்பு பேருக்குத்தான் இருக்கும். சேனலோட மேல்பாதியில மிதக்கற செல்லு எந்த வகையா இருந்தாலும் தப்பிச்சுப் போயிடும். ஆழம் கம்மியான சேனல் வெச்ச சிப்புல இந்தத் தொல்லை கம்மி, ஆனா அது சீக்கிரம் அடைச்சுக்கும், ஒரு செல்லுக் கட்டி வந்து உக்காந்தா முடிஞ்சது. எங்களுக்கு குடுத்தது ரெண்டு வகை, அதுல ஆழம் கம்மியானதைத்தான் யூஸ் பண்றோம், ஏத்தறதுக்கு முன்னாடி 40 மைக்ரான் வலையில வடிகட்டிட்டா ஓரளவு சமாளிக்கலாம், ஆனா வடிகட்டினா சிடிசி கூட்டமா ஒட்டிட்டு வர்ற க்ளஸ்டர் போயிடும். க்ளஸ்டர்தான் உங்க ஆராய்ச்சின்னா இந்த மெஷின் உங்களுக்கு இல்ல, அவ்வளவுதான்.

செல்லு ஒட்டறதும் உண்டு. பாசிட்டிவ் டிஇபியில செல்லு தங்கத்து ஓரத்துல போய் அப்பிக்கும், ஃப்ளோ தள்ளினாலும் சிலது நகராது, கரன்ட்டை ஆஃப் பண்ணினாலும் உக்காந்திருக்கும். ரன்னுக்கு முன்னாடி பிஎஸ்ஏங்கற புரோட்டீன் இல்லன்னா ப்ளுரானிக்ங்கற சோப்பு மாதிரி பொருள் விட்டு சிப்பை ஊற வெச்சா நிறைய குறையும், மேனுவல்ல இது ஆப்ஷனல்னு போட்டிருக்கு, கட்டாயம்னு போட்டிருக்கணும். ஏர் பப்பிள் பத்தி தனியா புலம்பல, மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் பண்ற யாருக்கும் அது புதுசு இல்ல, ஆனா இதுல பப்பிள் எலக்ட்ரோடு மேல வந்து உக்காந்தா அந்த இடத்துல புலமே கோணிப் போயிடும், கேமராவுல பாத்துட்டு உடனே நிறுத்திடுங்க.

நல்லதையும் சொல்லணும்ல. டெம்பரேச்சர் கன்ட்ரோல் பிரமாதம், ரன் முழுக்க ஆடாம நிக்குது. ப்ரெஷர் பம்ப் வெச்சது நல்ல முடிவு, சிரிஞ்ச் பம்ப்ல வர்ற துடிப்பு இதுல இல்ல, இவ்வளவு மெதுவா ஓட்டறப்போ அந்தத் துடிப்பு பெரிய விஷயம். ஃப்ரீக்வென்சி ஸ்வீப் மோடு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் செல்லை விட்டு ஃப்ரீக்வென்சியை மெல்ல ஏத்திக்கிட்டே எங்க திரும்புதுன்னு கேமராவுல பாத்துக்கலாம், புது செல் வகை வந்தா முதல்ல இதைத்தான் பண்ணணும், பேப்பர்ல போட்ட நம்பரை அப்படியே நம்பி ஓட்டக்கூடாது. முக்கியமா வெளிய வர்ற செல்லு உயிரோட இருக்கு, கல்ச்சர் தட்டுல ஒட்டுது, வளருது. உடனே சர்க்கரை பஃபர்ல இருந்து மீடியத்துக்கு மாத்திடணும், அது மட்டும் கவனம்.

சாஃப்ட்வேர் மட்டமா இருக்கு. ரன் லாக்ல வோல்டேஜ், ஃப்ளோ எல்லாம் வருது, வீடியோவும் வருது, ரெண்டுக்கும் நேரம் ஒத்துப் போகல. ரா டேட்டா எக்ஸ்போர்ட் அவங்களோட சொந்த ஃபார்மட்ல, அதைத் திறக்க அவங்க ப்ரோக்ராமே வேணும். சிப்பு ஒரு தடவைதான், கழுவி மறுபடி யூஸ் பண்ணலாமான்னு எல்லாரும் கேப்பாங்க, நோயாளி சாம்பிள்னா கூடவே கூடாது, முந்தின ஆளோட ஒரே ஒரு செல்லு ஒட்டியிருந்தாலும் ரிசல்ட்டே பொய்யாயிடும். ட்ரெயினிங்குக்கு மட்டும் பழைய சிப்பை கழுவி வெச்சுக்கோங்க.

மத்ததோட ஒப்பிட்டா எங்க நிக்குது? எண்ணறதுதான் வேலைன்னா சிடிசி எண்ணற செல்சர்ச் சிஸ்டம் இருக்கு, 2004லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி வாங்கினது, 7.5 மில்லி ரத்தம், செல் மேல்பரப்புல இருக்கற எப்கேம்ங்கற புரோட்டீனைப் புடிக்கற ஆன்டிபாடி ஒட்டின காந்தத் துகள், மார்பகப் புற்றுநோய்க்கு 5 செல்லு கட்ஆஃப், எல்லாம் ஸ்டேண்டர்ட் பண்ணி வெச்சாச்சு. ஆனா எப்கேம் இருந்தாத்தான் அது புடிக்கும், பரவறதுக்காக குணம் மாறின செல்லு சிலது எப்கேமை குறைச்சுக்கும், அது நழுவிடும், வர்ற செல்லும் ஃபிக்ஸ் ஆனது. டிஇபிக்கு எப்கேம் இருந்தா என்ன இல்லன்னா என்ன, அதான் இதோட உண்மையான பலம். ஒரே ஒரு செல்லைத் தனியா தூக்கி ட்யூப்ல போடணும்னா டிஇபிஅரே மாதிரி சிஸ்டம் இருக்கு, அதுவும் டிஇபிதான், ஆனா நெகட்டிவ் பக்கம், சிப்பு முழுக்க குட்டி குட்டி மின்புலக் கூண்டு, ஒவ்வொரு செல்லையும் கூண்டோட நகர்த்தி வெளிய கொண்டு வரும். அது ஏற்கனவே செறிவு ஏத்தின சாம்பிளைத்தான் கேக்கும். நம்ம மெஷின் அதுக்கு முந்தின ஸ்டெப்புன்னு பாத்தா ரெண்டும் ஜோடியா பொருந்தும். சைஸை மட்டும் வெச்சுப் பிரிக்கற வடிகட்டி சிப்புங்க ரொம்ப வேகம், ஆனா சின்ன சைஸ் சிடிசியும் உண்டு, அது அதுல மாட்டாது.

ஒரு சின்ன விஷயம் நடுவுல, மின்புலத்தால கேன்சர்னு கேட்டதும் இதை ட்ரீட்மென்ட்னு நினைச்சுக்கறவங்க இருக்காங்க. தலையில பேட் ஒட்டி 200 கிலோஹெர்ட்ஸ் புலம் குடுத்து க்ளையோபிளாஸ்டோமாங்கற மூளைக் கேன்சர் செல்லு ரெண்டா பிரிஞ்சு பெருகறதைத் தடுக்கற சிகிச்சை ஒண்ணு இருக்கு, அது வேற, 2011ல எஃப்டிஏ அனுமதி வாங்கினது. இது நோயாளி மேல படவே படாத லேப் மெஷின், ஆராய்ச்சிக்கு மட்டும்னு பெட்டி மேலயே எழுதியிருக்கும். இதுல வந்த நம்பரை யாராச்சும் ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்து மருந்தை மாத்தினா அது தப்பு.

5க்கு 3.5 குடுக்கறேன். பஃபர் கண்டக்டிவிட்டியை உள்ளயே அளந்திருந்தா 4 குடுத்திருப்பேன்.

டெமோவுக்குக் கூப்பிட்டா அவங்க கொண்டு வர்ற, செல் லைனை (லேப்லயே தொடர்ந்து வளர்த்துட்டு வர்ற செல்லு) கலந்த ரத்தத்தை நம்பாதீங்க. எம்சிஎஃப்-7ங்கற மார்பகக் கேன்சர் செல் லைன் மாதிரி வளர்த்த செல்லு பெருசு, ஆரோக்கியமா இருக்கும், இழுப்பு ஆரத்தோட மூணாம் அடுக்குக்கு (கியூபுக்கு) ஏத்த மாதிரி கூடும்ங்கறதால 20 மைக்ரான் செல்லு 10 மைக்ரான் செல்லை விட 8 மடங்கு இழுபடும், அதை வெச்சு எந்த மெஷினும் அழகா காட்டும். உங்களுக்கு அனுமதி இருக்கற நோயாளி சாம்பிள், அதுவும் எடுத்து ரெண்டு மூணு மணி நேரம் ஆனது, உங்க ஆளு கையால ப்ரெப் பண்ணி குடுங்க. வேஸ்ட் ட்யூபைக் கொட்ட விடாதீங்க, அதையும் வாங்கி சாயம் போட்டுப் பாருங்க, அதுல எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சுதுன்னா மத்த கேள்வி எல்லாம் தானா வரும்.